பத்து வருஷம் என்று சொன்ன நாக்கு

அக்கா,

இன்று சாயங்காலம் மாடி வீட்டுப் பெண் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தாள். கையில் பேப்பரில் சுற்றிய நாவற்பழம். பாதியை பஸ்ஸிலேயே தின்று தீர்த்திருந்தாள். "பாருங்க சிஸ்டர், எப்படி ஆயிடுச்சுன்னு" என்று நாக்கை வெளியே நீட்டிச் சிரித்தாள். நான் வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது, தெருவுக்கு மட்டும் இன்னும் சிஸ்டர்தான். அவள் தாடையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போய்க் கொப்பளிக்க வைத்தேன். கறை போகவில்லை. விரலை விட்டுத் தேய்த்தேன். அவள் பயந்துபோய் என் கையைத் தட்டிவிட்டு, "என்னாச்சு சிஸ்டர், பழம்தானே?" என்றாள்.

பழம்தான். அவளிடம் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நீ போய் முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. உனக்குப் படிக்கத் தெரியாது என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. அங்கே யாராவது படித்துக் காட்டட்டும். இத்தனை பேருக்கு வாயாக இருந்தவளுக்கு ஒரு ஆள் கிடைக்காமலா போய்விடும்?

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. வாய்க்கு மட்டும் நாற்பது இருக்கும். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, பெங்களூர் ரோட்டோரம், பன்னிரண்டு கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி. ஒரு கட்டிலில் தெலுங்கு, அடுத்ததில் கன்னடம், மூன்றாவதில் தமிழ் என்ற பெயரில் எனக்குப் புரியாத ஏதோ ஒன்று. டாக்டரோ மெட்ராஸ்காரர். தமிழையும் இங்கிலீஷையும் விட்டால் அவருக்கு ஒன்றும் வராது. வார்டே உன் நாக்கை நம்பித்தான் நடந்தது. நீ அங்கே ஆயா. தரை துடைப்பாய், நோயாளிகளைத் துடைப்பாய். டாக்டர் ரவுண்டு வரும்போது மட்டும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் போய் நிற்பாய்.

கெட்ட சேதி சொல்ல வேண்டியிருந்தால் டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். வெளியே நிற்கும் புளியமரத்தைப் பார்த்து, "ஈரல் போயிடுச்சு. ரெண்டு மாசம் தாங்கினா பெரிசு" என்பார். அதைச் சொந்தக்காரர்களின் முகத்தைப் பார்த்து அவர்கள் பாஷையில் சொல்வது உன் வேலை. அவர் சொன்னதற்கு மேல் ஒரு சொல் இருக்காது, கீழே ஒரு சொல் குறையாது. கொஞ்சம் பூசி மெழுகிச் சொன்னால்தான் என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

"அவரு சொன்னதத்தான் நான் சொல்லணும் சிஸ்டரம்மா. கூட்டிக் கொறைக்கறதுக்கு நடுவுல நான் யாரு?" என்றாய்.

ஆனால் ஜனங்களுக்கு டாக்டர் சொன்னது எங்கே கேட்டது? கேட்டதெல்லாம் உன் குரல். நீ ரெண்டு மாசம் என்றாய், ரெண்டு மாசத்தில் அந்த ஆள் போனார். நீ பிள்ளை தங்காது என்றாய், தங்கவில்லை. ஆகவே உன்னைப் பற்றி ஏற்கெனவே ஒரு முணுமுணுப்பு இருந்திருக்கிறது. அதற்குப் பெயர் வைத்தவள் நான்.

ஒரு மத்தியானம் வார்டு வாசலில் நாம் இரண்டு பேரும் மோர் குடித்துக்கொண்டிருந்தோம். டாக்டர் புளியமரத்தோடு பேசுவதை நான் நடித்துக் காட்ட, நீ அண்ணாந்து சிரித்தாய். நாக்கின் இடது ஓரத்தில் கடுகளவு கருப்பு தெரிந்தது.

"யக்கா! ஒனக்குக் கருநாக்கு! அதான் நீ சொன்னா சொன்னபடி நடக்கு!" என்று கத்தினேன். படுத்திருந்தவர்கள், அவர்களுக்குச் சோறு கொண்டுவந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ வாயைத் துடைத்துக்கொண்டு, "இருந்துட்டுப் போவுது. ஒங்களுக்கு நல்ல மாப்பிள்ள வருவான்னு சொல்லி வெக்கறேன்" என்றாய்.

கருநாக்கு உள்ளவர்கள் சொன்னது பலிக்கும் என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள். வாயில் புதிதாக எதைப் பார்த்தாலும் டாக்டரிடம் காட்டு என்று எனக்குப் படிப்பிலும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு இரண்டாவது எனக்கு நினைவுக்கே வரவில்லை. அதற்கு ஒரு பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. பெயர் தெரிந்துவிட்டதால் அதைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டேன்.

நாலு நாளில் சேதி உன் ஊரான வேப்பனப்பள்ளி வரைக்கும் போய்விட்டது. அதற்கப்புறம் டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பினாலே கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் உன் வாயைப் பொத்த ஓடி வருவார்கள். பொழுது சாயும்போது மேலே போகிற தேவதைகள் காதில் விழுந்ததற்கெல்லாம் ‘அப்படியே ஆகட்டும்’ என்று ததாஸ்து சொல்லிவிடும் என்று சாயங்காலத்தில் யாரும் உன்னிடம் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள். காலையில் அதே ஜனங்கள் வெற்றிலையும் மஞ்சளும் கொண்டுவந்து ஆஸ்பத்திரிப் படியில் வைத்துவிட்டு நிற்பார்கள். நாகரசம்பட்டியிலிருந்து ஒரு தோட்டக்காரர் வந்து தன் மாமரம் பூக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கெஞ்சினார். அவர் தொல்லை பொறுக்காமல், "பூக்கும் போய்யா" என்றாய். அந்த வருஷம் அந்தப் பக்கத்தில் அவர் மரங்கள் மட்டும் பூத்தன. அதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அடுத்த வருஷம் நடந்ததற்கு என்னாலும் சிரிக்க முடியவில்லை. எல்லைப்பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு வயிற்றில் கட்டி. டாக்டர் மரத்தைப் பார்த்து, "மூணு வாரம்" என்றார். நீ மகன்களைப் பார்த்து, "மூடு ரோஜுலு" என்றாய். எனக்கு அதற்குள் தெலுங்கில் எண்ணத் தெரியும். அது மூன்று நாள். அவர்கள் போன பிறகு உன்னைத் தனியாக நிறுத்திக் கேட்டேன்.

"மூணு வாரம்னுதான் சொன்னேன். இல்லியா?" என்றாய். உன் முகம் வெளுத்துவிட்டது. "நாக்கு தானா சொல்லிடுச்சு போல சிஸ்டரம்மா."

பெரியவர் மூன்றாம் நாள் காலையில் செத்துப்போனார்.

அதிலிருந்து நீ பேசுவதை விட்டாய். ரவுண்டு நேரத்தில் முந்தானையைச் சுருட்டி வாயில் கவ்விக்கொண்டு, தரையைப் பார்த்தபடி துடைத்துக்கொண்டே இருப்பாய். நோயாளிகள் கையால் காட்டினார்கள், நான் எனக்குத் தெரிந்த பத்து வார்த்தைகளை வைத்து உளறினேன். அவ்வளவு பேர் இருந்தும் வார்டில் ஒரு சத்தமும் இருக்காது. ஒரு நாள் நீ கவ்வியிருந்த முந்தானையை எடுத்தபோது அதில் ரத்தம். டாக்டர் பார்த்துவிட்டார். உன்னை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, "நாக்கை நீட்டுங்க" என்றார். நான் டார்ச் பிடித்தேன். கடுகளவு இருந்தது இப்போது கட்டைவிரல் நகத்தளவு இருந்தது. ஓரம் கிழிந்து, மேடு தட்டி, மையைக் கொட்டியதைப் போலப் பளபளத்தது. டாக்டர் வெகு நேரம் பார்த்தார். அன்றைக்கு அவர் மரத்தின் பக்கம் திரும்பவில்லை.

மரத்துப்போக ஊசி போட்டு ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி எடுத்தார். அதைப் பெங்களூரில் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற டாக்டருக்கு அனுப்ப வேண்டும். மருந்துத் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் போட்டு என்னிடம் கொடுத்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மதுவிலக்குக் காலம் அது. கண்டக்டர் பாட்டிலைப் பார்த்ததும், "இன்னாம்மா, எல்லாரும் மைசூரு பக்கம் போயி சரக்கு வாங்கியாருவாங்க, நீ இங்கிருந்தே எடுத்துனு போறியா?" என்று சத்தமாகக் கேட்டார். பஸ் சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நாக்கு" என்றேன்.

என் சீட்டில் இருந்தவள் எழுந்து பின்னால் போனாள். முன் சீட்டும் காலியாயிற்று. அத்திப்பள்ளி தாண்டும்வரை அந்தப் பஸ்ஸில் நானும் அதுவும்தான் உட்கார்ந்திருந்தோம். பஸ் குலுங்கும்போதெல்லாம் அந்தக் கருப்புத் துண்டு எழும்பி வந்து கண்ணாடியைத் தொட்டுவிட்டுக் கீழே போகும். கண்ணை எடுக்க முடியவில்லை. பெங்களூரில் அந்தக் கட்டடத்தின் படியேறுவதற்கு முன்பு பாட்டிலை முகத்துக்கு நேரே தூக்கி, "நல்லதா ஒண்ணு சொல்லு" என்று கேட்டேன். நர்ஸ் உடுப்பில் நின்றுகொண்டு கேட்டேன் அக்கா. அக்கம்பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் கேட்டேன்.

ஒரு வாரம் கழித்து முடிவுக்காக மறுபடி போனேன். அந்த டாக்டர் வயதானவர், தமிழ் பேசினார். நாக்கில் புற்று அவருக்குப் புதிதில்லை. புகையிலை போடுகிறவர்களுக்கு வெள்ளையாகவோ சிவப்பாகவோ புண்ணாக வருவதை எத்தனையோ பார்த்திருக்கிறார். இது அதில்லை. தோலுக்குக் கருப்புக் கொடுக்கிற அணுக்களிலிருந்து வருகிற புற்று, உள்ளங்காலில் வரும், கண்ணில் வரும், நாக்கில் வந்து தான் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றார். மெலனோமா என்று காகிதத்தில் எழுதினார். பிறகு நிமிர்ந்து, "எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா யாரும் பார்க்கலையா?"

"எல்லாரும் பார்த்தோம்" என்றேன்.

கார்த்திகை மாதம் அது. உன் புருஷனை வரச் சொல்லியிருந்தார்கள். வேப்பனப்பள்ளியில் மாந்தோப்புக் காவல் பார்ப்பவர், தெலுங்கு தவிர ஒன்றும் தெரியாது. டாக்டர் அறையில் நீ, அவர், நான். காகிதம் என் கையில் இருந்தது. டாக்டர் பழையபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாக்குல முக்கால்வாசி எடுக்கணும். மெட்ராஸ்ல செய்வாங்க. எடுத்தா ஒரு வருஷம், அதிர்ஷ்டம் இருந்தா மேலயும் இருக்கலாம். எடுக்கலேன்னா நாலு மாசம்." சொல்லிவிட்டு, இத்தனை வருஷப் பழக்கத்தில், "சொல்லுங்க" என்றார்.

சொல்ல வேண்டியவளும் நோயாளியும் நீயேதான் என்பது அந்த நேரத்தில் அவருக்கு உறைக்கவே இல்லை. உன் புருஷன் பாய்ந்து வந்து உன் வாயைப் பொத்தினார். "நீ சொல்லாதே, உன் வாயால் வேண்டாம், அந்தம்மா சொல்லட்டும்" என்று தெலுங்கில் அழுதார். நீ அவர் கையை மெல்ல எடுத்துக் கீழே வைத்தாய். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாய். அவர் முகத்தைப் பார்த்தாய். பல மாதங்களுக்குப் பிறகு உன் குரலைக் கேட்டேன்.

"பதேள்ளு" என்றாய். பத்து வருஷம். மருந்து வேண்டாம், கத்தி வேண்டாம், இன்னும் பத்து வருஷம் இருப்பேன் என்று டாக்டர் சொல்கிறார்.

அந்த மனிதர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். டாக்டர் திரும்பாமலேயே, "புரிஞ்சுதா அவருக்கு?" என்று கேட்டார். "புரிஞ்சுடுச்சு டாக்டர்" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் கிணற்றடியில் என்னைப் பிடித்து நிறுத்தினாய். "ஒங்களுக்குப் புரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியும். அவருகிட்ட சொல்லிடாதீங்க. நாக்க எடுத்துட்டு ஒரு வருசம் ஊமையா கெடக்கறது என்னாத்துக்கு?"

"மொதல்ல பார்த்தது நான்தானக்கா. அன்னைக்கே டாக்டர்ட்ட காட்டிருக்கணும்."

நீ வாளியை இறக்கி வைத்தாய். "நானுந்தான் தெனமும் கண்ணாடியில பாத்தேன். அது பெரிசாவப் பெரிசாவ, சொல்றது இன்னும் பலமாப் பலிக்கும் போலன்னு நெனச்சேன். பயமா இருந்துச்சு சிஸ்டரம்மா. கொஞ்சம் பெருமையாவும் இருந்துச்சு" என்றாய்.

பங்குனியில் உன்னைப் பார்க்க வேப்பனப்பள்ளிக்கு வந்தேன். டாக்டர் வலிக்கு மார்பியா ஊசி கொடுத்து அனுப்பியிருந்தார். தோப்பில் பிஞ்சு விட்டிருந்தது. உன் வீட்டு வாசலில் மரத்தடியில் இருபது முப்பது பேர் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். தனக்கே பத்து வருஷம் சொல்லிக்கொண்டவளைப் பார்க்க வந்தவர்கள். உன்னால் பேச முடியாது என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாக இல்லை. உள்ளே போவார்கள், மூட முடியாமல் திறந்தே இருந்த உன் வாயைப் பார்ப்பார்கள், கும்பிட்டுவிட்டு வருவார்கள். உன் புருஷன் ஒவ்வொருவரையும் சிரித்த முகத்தோடு அழைத்துப் போனார்.

கழுத்து முழுக்க வீங்கி, நீ பாயில் சுருண்டு கிடந்தாய். உன் விரல்கள் பாயைப் பிய்த்துக்கொண்டிருந்தன. நான் ஊசியை எடுத்ததும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மருந்தே வேண்டாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள், வலி வரும், போகும், இன்னும் பத்து வருஷம் இருக்கிறது என்றார். மிரட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னார். நீ என்னைப் பார்த்து ஏதோ குழறினாய். அவருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"சொல்லு. அவருகிட்ட சொல்லு."

அதுவரை நீ என்னை நீங்க என்றுதான் சொல்லியிருக்கிறாய்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். என் ஓட்டைத் தெலுங்கில், டாக்டர் பத்து வருஷம் சொல்லவில்லை, நாலு மாசம் என்றுதான் சொன்னார், அந்த நாலு மாசம் முடிந்துவிட்டது என்று சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை. அவர் உன்னைப் பார்த்தார். நீ கண்ணை மூடித் திறந்தாய். அவர் பிடி தளர்ந்தது. ஊசி போட்டேன். கொஞ்ச நேரத்தில் பாயைப் பிய்த்த விரல்கள் நின்றன. உன் முகம் பழைய முகமாக ஆயிற்று. வெயில் இறங்குவதற்குள் மூச்சும் நின்றுவிட்டது.

அவர் கத்தவில்லை. உன் தலைமாட்டில் உட்கார்ந்தபடி, என்னைப் பார்த்து நிதானமாகத் தெலுங்கில் சொன்னார். "அவள் பத்து வருஷம் என்றாள். நீ நாலு மாசம் என்றாய்." நான் வெளியே வந்தபோது மரத்தடியில் இருந்தவர்கள் எழுந்து இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒருத்தி தன் குழந்தையின் முகத்தை முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.

அதற்குப் பின் முப்பத்தொரு வருஷம் அதே ஆஸ்பத்திரியில் இருந்தேன். உன் வேலையும் எனக்கே வந்தது. டாக்டர்கள் மாறினார்கள், ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஓட ஆரம்பித்தன, வார்டில் இன்னும் நாலு பாஷைகள் கூடின. கெட்ட சேதியை முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். காய்ச்சல் என்று வந்தவர்களைக்கூட நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். அப்படி ஒன்றை மறுபடி நான் பார்க்கவே இல்லை. என் தெலுங்கு முழுக்க உன்னிடம் கேட்டது என்பதால், அந்தப் பக்கத்திலிருந்து வருகிற வயதானவர்கள் நான் பேச ஆரம்பித்ததும் நிமிர்ந்து பார்ப்பார்கள். யாரைத் தேடுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை.

ஒன்றை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கிணற்றடியில் நீ கேட்டுக்கொண்டதால்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று எனக்கே இத்தனை காலம் சொல்லி வந்தேன். அது பொய். நீ கேட்பதற்கு முன்பே, டாக்டர் அறையிலேயே என் வாய் மூடிவிட்டது. நீ பதேள்ளு என்று சொன்னதும், பெங்களூர்க் காகிதம் கையில் இருக்கும்போதே, நான் நம்பிவிட்டேன் அக்கா. மெட்ராஸுக்குப் போ என்று உன் காலைப் பிடித்துக் கெஞ்ச எனக்கு நாலு மாசம் இருந்தது. ஒரு நாள்கூடக் கெஞ்சவில்லை. நீதான் சொல்லிவிட்டாயே என்று இருந்துவிட்டேன். அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

உன்னைப் புதைத்த பிறகும் அந்த நம்பிக்கை போகவில்லை என்று சொன்னால் நீயே சிரிப்பாய். வார்டில் பின்னால் யாராவது தெலுங்கு பேசினால் திரும்பிப் பார்ப்பேன். துடைப்பம் சுவரில் சாய்த்திருந்தால் கொஞ்சம் நிற்பேன். கார்த்திகைக்குக் கார்த்திகை எண்ணிக்கொண்டே வந்தேன். நீ சொன்ன பத்து வருஷம் முடிந்த மறுநாள்தான், மருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, உனக்காக முதல் தடவையாக அழுதேன்.